16 வயதுச் சிறுவனின் மனத்தை அளப்பது யார்? கொடுங்குற்ற வழக்குகளும் நிம்ஹான்ஸ் எழுப்பும் கேள்விகளும்

பெங்களூரு: கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற வழக்குகளில் 16 வயதைக் கடந்த சிறுவன் ஒருவன் பிடிபட்டால், அவனைச் சிறாராகவே விசாரிப்பதா, வயது வந்தவரைப் போல் விசாரிப்பதா என்ற முடிவு பெரும்பாலும் ஓர் உளவியல் அறிக்கையைச் சார்ந்தே அமைகிறது. அந்த அறிக்கையில் என்ன இருக்க வேண்டும், எதை வைத்து அதை எழுத வேண்டும் என்பதில் கடந்த பத்தாண்டுகளாக நீதிமன்றங்களும் மனநல மருத்துவர்களும் ஒரு தெளிவை எட்ட முயன்று வருகின்றனர். அந்த முயற்சியின் பெரும்பகுதி பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் நடைபெற்று வருகிறது.

வயது என்ற ஒற்றை எண் ஒரு வழக்கின் பாதையை எப்படிப் பிரித்துவிடுகிறது என்பதற்கு இந்நகரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2019 ஆகஸ்டில் வணிகர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் போலீசார் பிடித்த இருவரில் ஒருவர் 15 வயதுச் சிறுமி. மற்றவர் 18 வயதைக் கடந்த இளைஞர். இருவரும் சேர்ந்தே செயல்பட்டதாகப் போலீசார் தெரிவித்தனர். ஆனால், அந்த இளைஞர் எதிர்கொள்வது வழக்கமான குற்றவியல் நீதிமன்றத்தை. சிறுமியோ சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்தப்பட வேண்டியவர். 16 வயது நிரம்பாதவர் எவ்வளவு கொடிய குற்றம் செய்ததாகக் கூறப்பட்டாலும், சட்டப்படி அவரை வயது வந்தவராக விசாரிக்க இயலாது. குற்றம் உறுதியானாலும், சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவே வாரியத்தால் உத்தரவிட முடியும்.

இந்த இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட 16 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம்தான் சிக்கல் முழுவதும் குவிந்துள்ளது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் சிறார்கள் மீது பதிவான வழக்குகள் 30,555. பிடிபட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் இந்த வயதினர். (2021-இல் பதிவான வழக்குகள் 31,170. ஆண்டுதோறும் சிறார் குற்றங்கள் பெருகியே வருகின்றன என்ற பொதுவான எண்ணத்துக்கு இந்த இரு எண்களும் இடம் தரவில்லை.)

சட்டம் மாறிய கதை

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்த வழக்கில், குற்றவாளிகளுள் ஒருவருக்குச் சம்பவத்தின்போது 18 வயது நிறைவடைய ஆறு மாதங்கள் இருந்தன. 2013 ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு அன்றைய சட்டத்தின் உச்ச அளவான மூன்று ஆண்டுகள் விதிக்கப்பட்டன. 2015 டிசம்பர் 20 அன்று அவர் விடுவிக்கப்பட்டார். நாடு முழுவதும் எழுந்த கொந்தளிப்புக்கு நடுவே, இரண்டே நாள்களில் புதிய சிறார் நீதி மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. 2016 ஜனவரி 15 முதல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன்பே, நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில் சிறார் வயது வரம்பைக் குறைக்கப் பரிந்துரைக்க மறுத்திருந்தது. 2015 பிப்ரவரியில் நாடாளுமன்ற நிலைக்குழுவும், 16 வயதினரை வயது வந்தோர் விசாரணைக்கு மாற்றும் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று எச்சரித்தது. இரண்டையும் மீறியே 15-ஆவது பிரிவு சட்டத்தில் இடம்பெற்றது.

குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள குற்றங்களைக் கொடுங்குற்றங்கள் என்று அச்சட்டம் வகைப்படுத்துகிறது. குறைந்தபட்சத் தண்டனை வரையறுக்கப்படாத குற்றம் எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் இவ்வகையில் சேராது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 16 வயது நிரம்பிய சிறுவன் மீது கொடுங்குற்றப் புகார் எழுந்தால், ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் கொண்ட சிறார் நீதி வாரியம் முதற்கட்ட மதிப்பீடு ஒன்றை நடத்த வேண்டும். அத்தகைய குற்றத்தைச் செய்வதற்கான மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா. அதன் விளைவுகளை உணரும் ஆற்றல் இருந்ததா. எந்தச் சூழ்நிலையில் அது நிகழ்ந்ததாகக் கூறப்படுகிறது என்பவையே மதிப்பிட வேண்டியவை. இவற்றை ஆராய்ந்த பின், தேவை எனக் கருதினால், வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு வாரியம் மாற்றலாம். அந்த நீதிமன்றமும் தன் பங்குக்கு மீண்டும் ஒரு முறை இதே கேள்வியைப் பரிசீலிக்கக் கடமைப்பட்டது.

மூன்று கேள்விகள், ஒரே குழப்பம்

மனநலம் என்ற சொல் குற்ற வழக்கில் நுழைந்ததும் பொதுமக்கள் மட்டுமல்ல, சில வேளைகளில் விசாரணை அதிகாரிகளும் மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாக்கிவிடுகின்றனர்.

முதலாவது, குற்றம் நிகழ்ந்த நொடியில் அவருடைய சித்தம் தெளிவாக இருந்ததா என்பது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவு இதைக் குறிக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 84-ஆவது பிரிவாக இருந்தது. 1843-ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கு ஒன்றில் உருவான மெக்நாட்டன் விதியே இதன் வேர். தாம் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ, சட்டத்துக்குப் புறம்பானதென்றோ அறிய முடியாத அளவுக்குச் சித்தம் பிறழ்ந்திருந்தால் மட்டுமே இந்த விலக்கு கிடைக்கும். மனநோய் இருந்தது என்ற மருத்துவச் சான்று மட்டும் போதாது; மருத்துவம் கூறும் மனநோயும் சட்டம் ஏற்கும் சித்தப் பிறழ்வும் வேறு வேறு என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வலியுறுத்தியுள்ளது.

இரண்டாவது, இன்று தம் வழக்கைப் புரிந்துகொண்டு எதிர்வாதம் செய்யும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பது. இது கடந்த காலத்தைப் பற்றிய கேள்வியன்று. விடை ‘இல்லை’ எனில் விசாரணை தள்ளிவைக்கப்பட்டு, அவர் சிகிச்சைக்கு அனுப்பப்படுவார்.

மூன்றாவதுதான் சிறார்களுக்கு மட்டும் உரிய 15-ஆவது பிரிவின் கேள்வி. இதில் நோயைப் பற்றிய பேச்சே வேண்டியதில்லை. முழு மனநலத்துடன் உள்ள 16 வயதுச் சிறுவனுக்கும் வளர்ந்தவருக்கு நிகரான மன முதிர்ச்சி இராமல் போகலாம். மூளையின் முன்பகுதியில் திட்டமிடுதல், உந்துதலை அடக்குதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான பகுதிகள் இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கின்றன என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அறிவியல். அமைதியான அறையில் அமர்ந்து ‘கத்தியால் குத்தினால் என்ன ஆகும்’ என்ற கேள்விக்குச் சரியான விடை சொல்லும் அதே சிறுவன், நண்பர்கள் சூழ்ந்து நிற்கையில், கோபத்தின் உச்சத்தில், அந்த விடையைப் பயன்படுத்த முடியாதவனாக இருக்கலாம். நுண்ணறிவுச் சோதனை அறையின் விடையை மட்டுமே அளக்கும்.

குருகிராம் வழக்கு காட்டிய இடைவெளி

இந்த வேறுபாட்டை நீதிமன்றத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது ஹரியாணா மாநிலம் குருகிராமில் நிகழ்ந்த கொலை. 2017 செப்டம்பர் 8 அன்று பள்ளி ஒன்றின் கழிவறையில் ஏழு வயது மாணவன் கழுத்தறுக்கப்பட்டு உயிரிழந்தான். முதலில் பள்ளிப் பேருந்தின் நடத்துநர் கைது செய்யப்பட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் போலீசார் அறிவித்தனர். பின்னர் விசாரணையை ஏற்ற சிபிஐ, அதே பள்ளியில் பதினோராம் வகுப்பு பயின்ற 16 வயது மாணவனைப் பிடித்தது. நடத்துநர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் வாரியம் மதிப்பீட்டை முடித்து, மாணவனை வயது வந்தவராக விசாரிக்க உத்தரவிட்டது. உளவியலாளரின் அறிக்கை அவனுடைய நுண்ணறிவு சராசரி அளவில் இருப்பதாகக் கூறியது. கூடுதல் பரிசோதனைக்கு மனநல நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பலாம் என்றும் பரிந்துரைத்தது. அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. பயன்படுத்திய சோதனை முறைகள் அவனைவிடக் குறைந்த வயதினருக்கானவை என்ற வாதமும் எழுந்தது. பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் 2018-இல் வாரியத்தின் உத்தரவை ரத்து செய்து, மறுமதிப்பீட்டுக்கு வழிவகுத்தது.

இதை எதிர்த்து, உயிரிழந்த சிறுவனின் தந்தையும் சிபிஐயும் தொடுத்த மேல்முறையீட்டில், நீதிபதிகள் தினேஷ் மகேஸ்வரி, விக்ரம் நாத் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2022 ஜூலை 13 அன்று தீர்ப்பளித்தது. மகனை இழந்த தந்தை வேண்டிய விடை அதில் கிடைக்கவில்லை. ஆனால் அவர் தொடுத்த வழக்கே நாடு முழுவதும் இத்தகைய மதிப்பீடுகளுக்கான அளவுகோலை வகுத்தது. குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றுப் பணியாற்றும் ஒருவர் வாரியத்தில் இல்லாதபோது, வல்லுநர் உதவியைப் ‘பெறலாம்’ என்ற சட்டச் சொல்லைப் ‘பெற்றே தீர வேண்டும்’ என்றே பொருள்கொள்ள வேண்டும் என நீதிபதிகள் கூறினர். விளைவை உணர்வது என்பது, செய்தால் எதிரில் இருப்பவர் இறந்துவிடுவார் என்று தெரிவதோடு முடிந்துவிடாது. பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கும், தன் குடும்பத்துக்கும், தனக்கும் நெடுங்காலத்தில் நேரக்கூடியவற்றையும் உணர்வதாகும் என்றும் அத்தீர்ப்பு விரித்துரைத்தது. வழிகாட்டு நெறிமுறைகளை வகுப்பது குறித்து மத்திய அரசும் குழந்தைகள் உரிமை ஆணையங்களும் பரிசீலிக்க விடப்பட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அவற்றை வெளியிட்டது.

தீர்ப்பு வந்தபோது சம்பவம் நடந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. 16 வயதில் பிடிபட்ட மாணவன் 21 வயதைத் தாண்டிவிட்டான். ஐந்தாண்டு வளர்ச்சிக்கும், ஐந்தாண்டுக் காவல் வாழ்க்கைக்கும் பின்னால் ஒளிந்துகொண்ட பழைய சிறுவனின் மனத்தை எந்தச் சோதனையால் காண முடியும்? மறுபரிசீலனை செய்த வாரியம் 2022 அக்டோபரில் மீண்டும் அதே முடிவையே அறிவித்தது.

படிவத்தில் உள்ள ஒரு கட்டம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் குடும்பங்களுக்கும் நெடுங்காலமாகப் பழகிய பெயர் நிம்ஹான்ஸ். 1925-இல் மைசூர் அரசின் மனநல மருத்துவமனையாகப் பெயர்பெற்று, 1974-இல் இன்றைய வடிவத்தை அடைந்த அந்நிறுவனத்தில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான மனநலத் துறை தனியே இயங்குகிறது. அங்குப் பணியாற்றிய மனநல மருத்துவர் சேகர் சேஷாத்ரியும் அவருடைய குழுவினரும் கூர்நோக்கு இல்லங்களில் உள்ள சிறார்களுக்கான மனநலப் பணியிலிருந்து உருவாக்கிய மதிப்பீட்டுப் படிவமே பல மாநிலங்களில் பயிற்சிக்கு அடிப்படையாக உள்ளது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவுடன் 2020-இல் தொடங்கப்பட்ட ‘சம்வாத்’ என்ற திட்டத்தின் வழியாக, சிறார் நீதி வாரிய உறுப்பினர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் நன்னடத்தை அலுவலர்களுக்கும் நிம்ஹான்ஸ் பயிற்சி அளித்து வருகிறது.

அந்தப் படிவம் சட்டத்தின் சொற்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின் பொருளை மெல்ல மாற்றிவிடுகிறது. கத்தியைப் பிடிக்கும் உடல் திறன் 16 வயதினர் அனைவருக்கும் உண்டு; அதை மட்டும் கேட்பதில் பயனில்லை. எனவே மனத் திறன் என்ற தலைப்பின் கீழ் அறிவுசார் குறைபாடு, மனநோய், போதைப் பழக்கம், குடும்பத்தின் புறக்கணிப்பு, வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளான அனுபவம், முடிவெடுக்கும் திறன்களில் உள்ள குறைகள் ஆகியவை கேட்கப்படுகின்றன. ‘சூழ்நிலை’ என்பதும் சம்பவம் நடந்த அந்த மாலைப்பொழுது மட்டுமன்று; வீடு, பள்ளி, வேலைக்கு அனுப்பப்பட்ட வயது, சகவாசம் என அந்தச் சிறுவன் அங்கு வந்து சேர்ந்த நீண்ட பாதை.

படிவத்தின் ஒரு கட்டம் சிறுவனுக்கு இதுவரை அளிக்கப்பட்ட சிகிச்சை என்ன என்று கேட்கிறது. அதில் ‘எதுவும் இல்லை’ என்று எழுத நேர்ந்தால், அது அவனைப் பற்றிய குறிப்பு மட்டுமன்று. அவனைப் பார்த்தும் பாராமல் இருந்த பள்ளி, மருத்துவமனை, குடும்பம் அனைத்தையும் பற்றிய குறிப்பு.

எனினும் ஒரு தர்மசங்கடம் எந்தப் படிவத்தாலும் தீரவில்லை. முதற்கட்ட மதிப்பீடு விசாரணை ஆகாது என்று சட்டமே கூறுகிறது. அப்படியிருக்க, ‘எந்தச் சூழலில் செய்தாய்’ என்று உளவியலாளர் கேட்கும்போது, செய்தான் என்பது முன்கூட்டியே ஏற்கப்பட்டுவிடுகிறது. சிறுவன் ‘நான் செய்யவில்லை’ என்றால் மேற்கொண்டு எதைக் கேட்பது? குருகிராம் வழக்கில் முதலில் ‘ஒப்புக்கொண்டவர்’ ஒரு பேருந்து நடத்துநர் என்பதை எண்ணிப் பார்த்தால், இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று என்பது விளங்கும்.

மூன்று மாதக் கெடுவும் கர்நாடக வழக்கும்

சிறுவன் முதன்முதலாக வாரியத்தின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும் என்பது சட்டத்தின் 14-ஆவது பிரிவு. கர்நாடகத்தில் 17 வயதுச் சிறுவன் மீதான பாலியல் குற்ற வழக்கு ஒன்றில் அந்தக் கெடு தவறிப்போனது. அதற்குப் பிந்தைய மதிப்பீடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகள் சி.டி.ரவிக்குமார், ராஜேஷ் பிந்தல் அமர்வு 2024 மே 7 அன்று அளித்த தீர்ப்பில், இந்தக் கெடு வழிகாட்டும் தன்மையதே அன்றிக் கட்டாயமானது அன்று என்று கூறியது. சிறு குற்ற வழக்குகளில் கெடு தவறினால் நடவடிக்கையே முடிவுக்கு வரும் என்று சொல்லும் சட்டம், கொடுங்குற்றத்துக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. காரணங்களைப் பதிவு செய்து தலைமை நீதித்துறை நடுவர் காலத்தை நீட்டிக்கவும் வழியுண்டு.

வல்லுநர் அறிக்கைக்காகக் காத்திருக்கும் வாரியங்களுக்கு இது நடைமுறையில் உதவும். பாதிக்கப்பட்டவரின் வழக்கு ஒரு தேதிக் கணக்கில் கரைந்துவிடாமலும் காக்கும். மனநல மருத்துவத்தின் பார்வையிலோ ஒவ்வொரு மாதத் தாமதமும் மதிப்பீட்டின் நம்பகத்தன்மையைக் குறைக்கிறது. தாமதத்துக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று ஆள் பற்றாக்குறை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவரே உள்ளனர் என்று 2023-இல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. குழந்தைகளுக்கான மனநல மருத்துவர்கள் அவர்களிலும் மிகச் சிலரே.

சிகிச்சை எங்கே நிற்கிறது?

நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. பெருநகரங்களில் அது 13.5 விழுக்காடு. இந்த எண்களைக் குற்ற எண்ணிக்கையோடு முடிச்சுப் போடுவது பெரும் பிழை. மனநலக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையோர் எவருக்கும் தீங்கிழைப்பதில்லை. பிறருடைய வன்முறைக்கு இலக்காகும் ஆபத்தே அவர்களுக்கு அதிகம். ஆனால் அடக்க முடியாத ஆத்திரம், தொடர்ந்த நடத்தைக் கோளாறு, போதைப் பழக்கம், மனச்சிதைவின் தொடக்கம் ஆகியவை ஒரு சிறுவனிடம் கவனிக்கப்படாமல் போனால், சிலருடைய வாழ்வில் அதன் விலையை மற்றொரு குடும்பம் கொடுக்க நேரிடுகிறது.

வாரியத்தின் முன் வந்த பிறகு சிகிச்சைக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. மனநோயோ போதை அடிமைத்தனமோ உள்ள சிறுவனை மனநல மருத்துவமனைக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ அனுப்ப 93-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்தே தங்கவைக்க வேண்டும் என்றும், சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சிறப்பு இல்லத்தில் ஆலோசனை, நடத்தை மாற்றச் சிகிச்சை, மனநல மருத்துவ உதவி ஆகியவை தண்டனை உத்தரவின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டுள்ளன.

குறை எங்கெனில், 15-ஆவது பிரிவின் மதிப்பீடும் இந்தச் சிகிச்சையும் ஒன்றையொன்று தொடாமல் செல்லக்கூடிய தனித்தனிப் பாதைகளாக உள்ளன. மதிப்பீட்டில் ‘திறன் உண்டு’ என்று வந்தால் வழக்கு மேல்நீதிமன்றம் செல்கிறது. ‘இல்லை’ என்று வந்தால் வாரியத்திலேயே தங்குகிறது. இரண்டிலும், அறிக்கை கண்டறிந்த மனநோய்க்கு மறுநாள் காலை மருந்து கொடுப்பது யார் என்பதை அந்த உத்தரவு சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. நிம்ஹான்ஸ் படிவம் கடைசியில் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் பரிந்துரைகளை எழுதச் சொல்வது இதனால்தான்.

வயது வந்தவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறுபவருக்கும் 21 வயது வரை சிறை இல்லை. அதுவரை ‘பாதுகாப்பிடம்’ எனப்படும் தனி இல்லத்தில் வைக்கப்படுவார். தூக்குத் தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. 21 வயதில் குழந்தைகள் நீதிமன்றம் அவரை மீண்டும் மதிப்பிட்டு, திருந்தியுள்ளார் எனக் கண்டால் கண்காணிப்புடன் விடுவிக்கலாம். இல்லையேல் எஞ்சிய காலத்துக்குச் சிறைக்கு அனுப்பலாம். அந்த நாளில் நீதிபதியின் மேசையில் இருக்கப்போவது, இடைப்பட்ட ஆண்டுகளில் நன்னடத்தை அலுவலரும் சமூகப் பணியாளரும் எழுதிய அறிக்கைகள். ஒரு முறைகூட மனநல மருத்துவரைச் சந்திக்காதவரின் கோப்பில் எழுத அவர்களுக்கு அதிகம் இராது. பிற சிறார்களுக்குக் குற்றப் பதிவு பின்னாளில் அழிக்கப்படும். இவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

பிள்ளைகளின் நடத்தையிலோ மனநிலையிலோ கவலைக்குரிய மாற்றத்தைக் காணும் பெற்றோரும் ஆசிரியர்களும், நிம்ஹான்ஸ் ஒருங்கிணைப்பில் 2022 அக்டோபர் முதல் செயல்படும் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழ், கன்னடம் உள்ளிட்ட மொழிகளில் ஆலோசனை வழங்கப்படுகிறது.